பிரீமியம் ஏறியாச்சு: கோ-பேயா, டிடக்டிபிளா, போர்ட்டா?

போன வருஷம் ஜிஎஸ்டியோடு சேர்த்து 24,600 ரூபாய் கட்டிய எங்கள் குடும்ப மருத்துவ பாலிசிக்கு இந்த வருஷ ரினியூவல் நோட்டீஸ் வந்தது. 28,300. இத்தனைக்கும் 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியே கிடையாது. வரியைக் கழித்துவிட்டு அசலை மட்டும் பார்த்தால் ஏறத்தாழ 20,850 இருந்தது 28,300 ஆகியிருக்கிறது. நடுவில் ஒரு கிளெய்ம்கூட இல்லை.

ஏஜென்டைக் கூப்பிட்டேன். "உங்களுக்கு 46 ஆயிடுச்சு சார், ஸ்லாப் மாறிடுச்சு, கம்பெனியும் ரேட்டை ஏத்தியிருக்கு" என்றார். சரி, என்ன செய்யலாம் என்று கேட்பதற்குள் "20 சதவீதம் கோ-பே போட்டுடலாம் சார், அஞ்சாயிரத்துக்கு மேல குறையும்" என்று அவரே வழியும் சொல்லிவிட்டார். அந்த அஞ்சாயிரத்தில் மயங்கி சரி என்று சொல்லியிருப்பேன். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டதில் தப்பித்தேன்.

எனக்கு வந்த கணக்கு இது. கோ-பே போட்டால் பிரீமியம் 23,100. அதற்குப் பதிலாக 50,000 ரூபாய் டிடக்டிபிள் எடுத்தால் 22,300. கோ-பே என்றால் ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் நம் தலையில். டிடக்டிபிள் என்றால் வருஷத்தில் முதல் 50,000 நம்முடையது, அதற்கு மேல் கம்பெனி பார்த்துக்கொள்ளும். கேட்கும்போது கோ-பேதான் சாதுவாகத் தெரியும், ஏனென்றால் 50,000 என்பது ஒரு தொகையாக முன்னால் வந்து நிற்கிறது, 20 சதவீதம் அப்படி நிற்பதில்லை.

இப்போது பில்லை வைத்துப் பாருங்கள். காய்ச்சலுக்கு நாலு நாள் படுத்து 60,000 பில் வந்தால் கோ-பேயில் கையிலிருந்து 12,000, டிடக்டிபிளில் 50,000. இங்கே கோ-பே ஜெயிக்கிறது. பில் 2,50,000 என்றால் இரண்டிலும் அதே 50,000. எட்டு லட்சம் ஆனால் கோ-பேயில் 1,60,000, டிடக்டிபிளில் அப்போதும் 50,000-தான். நாம் இன்சூரன்ஸ் எடுப்பது 60,000 ரூபாய் பில்லுக்காகவா, எட்டு லட்ச ரூபாய் பில்லுக்காகவா? எனக்கு இதில் சந்தேகமே வரவில்லை. பில் பெருகப் பெருக நம் பங்கும் சேர்ந்து பெருகுகிற ஏற்பாடு, தாங்கக்கூடிய நேரத்தில் நன்றாகத் தாங்கிவிட்டு தாங்க முடியாத நேரத்தில் கைவிரிக்கிறது.

டிடக்டிபிளுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அந்த 50,000 எந்நேரமும் எடுக்கிற மாதிரி வங்கியில் இருக்க வேண்டும். கேஷ்லெஸ் (பில்லைக் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது) என்றாலும் அந்தப் பங்கை டிஸ்சார்ஜ் அன்று கவுன்டரில் கட்டியாக வேண்டும். என் கணக்கில் வருஷத்துக்கு 6,000 மிச்சம், எட்டு வருஷம் யாரும் ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை என்றால் 48,000, அந்த 50,000-ஐ மிச்சமே கிட்டத்தட்ட நிரப்பிவிடும். கையில் காசு தங்காத குடும்பம், சின்னக் குழந்தை இருக்கிறது, வருஷம் ஒரு அட்மிஷன் நிச்சயம் என்றால் இது ஒத்துவராது. அவர்கள் இரண்டையும் தொடாமல் முழு பிரீமியத்தையே கட்டிவிடுவது மேல்.

அடுத்து டாப்-அப், அதாவது செலவு ஒரு எல்லையைத் தாண்டிய பிறகு அதற்கு மேல் உள்ளதைக் கொடுக்கிற கூடுதல் பாலிசி. ஐந்து லட்சம் பாலிசியை இருபதாக ஏற்றினால் பிரீமியம் எகிறும், ஐந்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலே சூப்பர் டாப்-அப் போட்டால் செலவு குறைவு என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்த உத்திதான். ஆனால் வெறும் டாப்-அப் வேறு, சூப்பர் டாப்-அப் வேறு. ஒரே வருஷத்தில் இரண்டு தடவை, தடவைக்கு நாலு லட்சம் பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படை பாலிசி முதலில் நாலு, அப்புறம் ஒன்று கொடுத்துக் காலியாகிவிடும். பாக்கி மூன்று லட்சம். சூப்பர் டாப்-அப் வருஷத்து மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கும், எட்டு லட்சத்தில் ஐந்தைத் தாண்டிய மூன்றைக் கொடுக்கும். சாதா டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும், எந்தப் பில்லும் ஐந்தைத் தாண்டவில்லை, அதனால் ஒரு ரூபாய்கூட வராது. பெயரில் ஒரு வார்த்தைதான் வித்தியாசம். இன்னொன்று, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு சூப்பர் டாப்-அப்பிலும் தனியாகக் காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்களுக்குப் பணம் தராத ஆரம்பக் காலம், உண்டு (சட்டப்படி அதிகபட்சம் மூன்று வருஷம்), ஆகவே சர்க்கரை வந்தபிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

ஊரை வைத்து ரேட் மாறுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார் இன்சூரன்ஸில் சென்னை, மும்பை, டெல்லி, பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா, புனே, அகமதாபாத் என்று எட்டு நகரங்கள் ஒரு மண்டலம், மற்றதெல்லாம் இன்னொன்று என்கிற பிரிவு பழைய காலத்திலிருந்தே உண்டு. மருத்துவ பாலிசியில் அப்படிப் பொதுவான பட்டியல் இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெரும்பாலும் டெல்லி, மும்பை பக்கம் அதிகம், நம் மாவட்டங்களுக்குக் குறைவு. திருநெல்வேலி முகவரி கொடுத்தால் சென்னையைவிட மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் சிக்கலான நோய் என்றால் நாம் எங்கே போகிறோம்? வேலூர், சென்னை, இல்லாவிட்டால் திருவனந்தபுரம். சில பாலிசிகளில் மலிவு மண்டலத்துக்குக் கட்டிவிட்டு விலை கூடிய மண்டலத்தில் வைத்தியம் பார்த்தால் ஒரு பங்கு பிடித்துக்கொள்வார்கள். அதுவும் கோ-பேதான், வேறு பெயரில். அந்த ஷரத்து இல்லாத பாலிசியாக இருந்தால் ஊர் முகவரியின் சலுகையைத் தாராளமாக அனுபவியுங்கள், உண்மையிலேயே அந்த ஊரில் குடியிருந்தால். சென்னையில் இருந்துகொண்டு அம்மா வீட்டு முகவரியைக் கொடுப்பவர்களைப் பார்க்கிறேன். கிளெய்ம் நேரத்தில் பேச்சு வாங்கவா?

பிரீமியத்தைக் குறைக்க அறை வாடகை வரம்புள்ள பாலிசிக்கு இறங்குவதும் ஒரு வழியாகச் சொல்லப்படுகிறது. இதைப் பற்றி என் சித்தப்பாவிடம்தான் கேட்க வேண்டும். மூட்டு மாற்று அறுவை, ஐந்து லட்சம் பாலிசி, அறை வாடகை அதில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000. எடுத்த அறை 10,000. ஐந்தாயிரம் வித்தியாசத்தை ஐந்து நாளைக்குக் கட்டினால் 25,000 என்று நினைத்துக்கொண்டு இருந்தார். டிஸ்சார்ஜ் அன்று பில்லிங் கவுன்டரில் மொத்தம் மூன்று லட்சம்: அறை 50,000, டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் வகையறா ஒன்றரை லட்சம், மருந்து, செயற்கை மூட்டு, பரிசோதனைகள் ஒரு லட்சம். பாதி வாடகைக்குத்தான் தகுதி என்பதால் அந்த ஒன்றரை லட்சத்திலும் பாதிதான் கொடுத்தார்கள். மருந்து, மூட்டு, பரிசோதனையில் கைவைக்கக் கூடாது என்று விதி இருப்பதால் அந்த ஒரு லட்சம் முழுசாக வந்தது. கைக்காசு 25,000 இல்லை, 1,00,000. அறையைத் தேர்ந்தெடுத்த அந்த ஒரு நிமிஷத்துக்கு விலை அது. கோ-பேகூட இதைவிட நேர்மையானது என்பேன், அது முன்னாலேயே சொல்லிவிடுகிறது.

போர்ட் செய்வது, அதாவது பாலிசியை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்வது பற்றி. கம்பெனி மாறினாலும் இதுவரை முடித்த காத்திருப்புக் காலம் கூடவே வரும், ஆனால் பழைய தொகை அளவுக்குத்தான், ஐந்தைப் பத்தாக்கினால் கூடுதல் ஐந்துக்கு எல்லாம் முதலிலிருந்து. தொடர்ந்து 60 மாதம் கட்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, நோயை மறைத்தார் என்று சொல்லிக் கிளெய்மை மறுக்க முடியாது என்பது 2024-லிருந்து விதி. அந்த மாதங்களும் போர்ட்டில் வீணாகாது. கோபத்தில் பழையதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குகிறவர்கள் இழப்பது இதைத்தான். ஆனால் புதிய கம்பெனி உங்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 35 வயசுக்காரரைக் கைநீட்டி அழைப்பார்கள், ஸ்டென்ட் வைத்தவரை யோசிப்பார்கள். இந்த வருஷம் மலிவாக இருக்கிற கம்பெனி அடுத்த வருஷம் ஏற்றாது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. என் அபிப்பிராயம், விலைக்காக மட்டும் போர்ட் செய்வது வீண் வேலை. அறை வரம்பு, மண்டலப் பிடித்தம், கட்டாயக் கோ-பே மாதிரி ஷரத்துகளிலிருந்து தப்பிக்க வேண்டுமானால் செய்யலாம்.

அறுபது தாண்டியவர்களுக்கு 2025 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ ஒரு கடிவாளம் போட்டது. வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியம் ஏற்ற வேண்டுமானால் கம்பெனி முதலில் அந்த ஆணையத்திடம் கலந்து பேச வேண்டும். எங்கள் அப்பாவின் தனி பாலிசி 10-க்குக் கொஞ்சம் கீழே நின்றது. வீட்டில் பெரியவர்களையும் ஒரே ஃப்ளோட்டரில் (குடும்பம் முழுவதும் ஒரே தொகையைப் பகிர்ந்துகொள்கிற பாலிசி) போட்டிருந்தால் தனியாகப் பிரித்துக் கணக்குக் கேளுங்கள், பல பாலிசிகளில் மூத்தவரின் வயசுதான் எல்லோருக்கும் ரேட்டை முடிவு செய்கிறது.

ஆபீஸ் பாலிசி போதும் என்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: வேலை போகிற மாதம்தான் உடம்புக்கும் வரும் என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருப்பவர்கள் இந்தக் குழப்பம் எதற்குள்ளும் வர வேண்டாம், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை முதலில் வாங்குங்கள், ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை அதிலேயே இருக்கிறது.

நான் 50,000 டிடக்டிபிள் எடுத்துக்கொண்டேன். மிச்சமான 6,000-த்தில் ஒரு பகுதி சூப்பர் டாப்-அப்புக்குப் போயிற்று. ஏஜென்டுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சித்தப்பா வேறு கம்பெனிக்கு மாறப் பார்க்கிறார், ஒரு இடத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள், இன்னொரு இடத்தில் ரத்தப் பரிசோதனை கேட்டிருக்கிறார்கள். அவருடைய ரினியூவல் மார்ச் 20, அதற்கு 45 நாளுக்கு முன்னாலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும் என்று சித்தி சமையலறைக் காலண்டரில் பிப்ரவரி 3-ஐச் சுழித்து வைத்திருக்கிறார்.