எனாமல் பலகையா, தகரப் பலகையா? குமரி எல்லையில் பழைய விளம்பரம் வாங்குவோருக்கு

களியக்காவிளைக்கும் தக்கலைக்கும் இடைப்பட்ட சாலையோரத்துப் பலசரக்குக் கடைகளிலும் சாயக்கடைகளிலும் (தேநீர்க் கடைகள்) எஞ்சியிருக்கும் பழைய விளம்பரப் பலகைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைப் பூசி, ஏறத்தாழ 800 டிகிரி சூட்டில் உருக்கிப் படிய வைத்த எனாமல் பலகை. மற்றது, மெல்லிய தகரத்தில் நேரடியாக அச்சடித்தது. புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர் எனாமலை முதலில் வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. தகரத்தில்தான் அழகு கூடுதல் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் போலியைப் பிடிப்பது எனாமலில் எளிது.

எனாமலில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே பூசிச் சுட்டிருப்பார்கள். ஆகையால் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாலே, நீலம் முடிந்து வெள்ளை தொடங்கும் இடத்தில் ஒரு சிறு படி தட்டுப்படும். பின்புறத்திலும் கருமையான அடிப்பூச்சு இருக்கும். ஆணித் துளைகளைச் சுற்றித்தான் பூச்சு முதலில் சில்லுச் சில்லாக உதிரும். உதிர்ந்த இடத்தில் தெரியும் துரு பல்லாண்டு இறுகிக் கறுத்துப் போயிருக்குமே தவிர, தேய்த்தால் ஆரஞ்சு நிறத்தில் கையோடு வராது. போலி செய்பவர்கள் பெயின்ட்டைச் சுரண்டி அமிலம் தடவிய இடங்கள், துளையோடு தொடர்பில்லாமல் பலகையின் நடுவில், பார்ப்பதற்கு அழகாக அமைந்திருக்கும்.

தகரத்தில் இப்படி உறுதியாகச் சொல்ல வழி குறைவு. லென்ஸ் வைத்துப் பார்த்தால், இன்றைய டிஜிட்டல் அச்சில் எழுத்தின் ஓரம் நுண்புள்ளிகளாகச் சிதறும். தனித்தனி மையில் அச்சடித்த பழைய எழுத்து திடமாக நிற்கும். கையில் லென்ஸ் இல்லாத நாளில் சோப்புப் பலகை ஒன்றை வாங்கி, வீட்டில் ஈரத்துணியால் துடைத்தபோது ஐம்பது ஆண்டுப் பழமையும் துணியோடு வந்துவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. மேலும், தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. கடற்காற்றில் உப்பும் சேரும். தகரத்தில் துரு அச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து படத்தை உரித்துவிடும். எனவே, வெளிச்சுவரில் ஐம்பது ஆண்டு இருந்ததாகச் சொல்லப்படும் தகரப் பலகை பளிச்சென்று இருந்தால் ஐயப்பட வேண்டும். எனாமல் பளிச்சென்று இருப்பதில் வியப்பில்லை. அதன் எதிரி மழையன்று, கல்லெறியும் சுத்தியலும்தான்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு சோதனையை எல்லைப்புறம் நமக்குக் கொடுத்திருக்கிறது. இங்குள்ள தேயிலைப் பலகைகள் பலவற்றில் தமிழும் மலையாளமும் சேர்ந்திருக்கும். 'தேயிலை' என்ற சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள். தமிழக அரசின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன், 'லை' யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த வடிவில்தான் கடைப் பலகைகளில் வந்தது. 1950களின் பலகை என்று விற்கப்படுவதில் இன்றைய 'லை' இருந்தால் பேரம் பேசவே வேண்டியதில்லை. (துதிக்கை இருப்பதாலேயே பழையது என்று ஆகிவிடாது, ஓவியர்கள் பலர் பின்னாளிலும் அதை விடவில்லை.) மலையாளத்திலும் 1971இல் சீர்திருத்தம் நடந்தது; அதற்கு முன் உகரக் குறி எழுத்தோடு ஒட்டியே வரும். இவற்றோடு, ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972 ஆகஸ்ட்டுக்குப் பிந்தையது. விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. இந்த மாவட்டத்துக் கடை முகவரியில் திருவிதாங்கூர் என்றிருந்தால், 1956 நவம்பரில் நாம் சென்னை மாநிலத்தோடு சேர்வதற்கு முற்பட்டது என்று கருதலாம்.

எங்கே வாங்குவது? கொச்சியின் மட்டாஞ்சேரி யூதத் தெருவிலும் காரைக்குடியிலும் தெரிவு அதிகம், விலையும் அதிகம். இணைய ஏலத்தில் விரலை ஓட்டிப் பார்க்க முடியாது என்பதால் எனாமலின் பெரிய வசதியே போய்விடுகிறது. பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடையில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதற்குள் பலகை இரண்டாக மடிந்திருக்கும், மடிந்த எனாமலைச் சீராக்க வழியில்லை.

சுவரிலிருந்தே நேரடியாக வாங்குவதுதான் எனக்குப் பிடித்த வழி. "பாட்டா, இந்த போர்டத் தருவியளா?" என்று கேட்டால், "விக்கதுக்கு இல்ல மக்களே" என்ற பதில்தான் பல இடங்களில் கிடைக்கும். சம்மதிக்கும் இடத்தில், பலகையைக் கழற்றியதும் சுவரில் வெயில் படாத வெளிறிய சதுரமும் நான்கு துளைகளும் தெரியும். பணம் கொடுப்பதற்கு முன் அதைப் படமெடுத்து, அச்சிட்டு, பலகையின் பின்புறம் ஒட்டிவிடுகிறேன்.