பிரஷர் கேஜ் வைத்து அளக்காமல் காரின் ஃபியூயல் பம்பை மாற்ற விடாதீர்கள்: 18,500 ரூபாய் கொடுத்த பிறகு எழுதுகிறேன்

கார் செக் லைட் எரிந்தால் பதறிப்போய்ப் பட்டறையில் விட்டுவிட்டு வந்துவிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நானும் அப்படித்தான் விட்டுவிட்டு வந்தேன்.

என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் கார். போன மாதம் குடும்பத்தோடு போடிமெட்டு ஏறும்போது பிக்கப் சுத்தமாக இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு குலுக்கல், அப்புறம்தான் வண்டி நகர்கிறது. சிக்னலில் நின்றால் ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது. மறுநாள் தேனியில் ஒரு பட்டறைக்குப் போனேன். பெரிய இடம், ஸ்கேனர் எல்லாம் இருக்கிறது. மாட்டிப் பார்த்ததில் பி0171 என்ற பழுதுக் குறியீடு (கோட்) வந்தது. "பெட்ரோல் பத்தல சார், பம்ப் போயிடுச்சு" என்றார்கள். இரண்டே நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள்.

பம்ப் 8,900, கூலி 1,200. வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வருவதற்குள் அதே குலுக்கல். திரும்பக் கொண்டுபோனால், "அப்போ ஏர்ஃப்ளோ சென்சார்தான் சார்" என்று அதையும் மாற்றினார்கள், 6,400. அதற்கும் சரியாகவில்லை. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கிளீன் பண்ண 2,000. ஆக மொத்தம் 18,500 ரூபாய். வண்டி முன்பைவிட மோசமாக ஓடியது. "பழைய வண்டி சார், இதுக்கு மேல அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் கோபமெல்லாம் அந்த வார்த்தை மேல்தான்.

பி0171 என்றால் பம்ப் கெட்டுவிட்டது என்று அர்த்தமே இல்லை. உள்ளே போகும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைக்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஒரு கிராம் பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். எவ்வளவு காற்று போகிறது என்பதை ஏர்ஃப்ளோ சென்சார்தான் சொல்கிறது. அதற்குள் சூடான ஒரு மெல்லிய இழை இருக்கும். காற்று பட்டால் அது ஆறும், அந்தச் சூடு குறையாமல் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து காற்றின் அளவு தெரிகிறது. காரின் கம்ப்யூட்டர் அதைப் பார்த்துப் பெட்ரோல் விடும். சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் "பெட்ரோல் குறைவு" என்று சொன்னால் கூடுதலாக விடும். இந்தக் கூடுதலைத்தான் ஃபியூயல் ட்ரிம் என்கிறார்கள். ஆக, பெட்ரோல் நிஜமாகவே குறைவாக வந்தாலும் இந்தக் குறியீடு வரும், சென்சார் காற்றைக் குறைத்துச் சொன்னாலும் வரும், சென்சாரைத் தாண்டி எங்காவது ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று புகுந்தாலும் வரும். எது என்று அளந்து பார்த்தால்தான் தெரியும். என் வண்டியில் எதையுமே அளக்கவில்லை.

பெரியகுளத்தில் ஒரு சின்னப் பட்டறை. நண்பர் சொல்லிப் போனேன். அந்த அண்ணன் முதலில் ஸ்கேனரில் ட்ரிம் பார்த்தார். ஐட்லிங்கில் 31 சதவீதம் கூடுதல். 2,500 ஆர்பிஎம் வைத்ததும் 19-க்கு இறங்கியது. "ஏத்தும்போது குறையுதுன்னா எங்கயோ காத்து இழுக்குது. பம்ப் வீக்கா இருந்தா ஏத்த ஏத்தக் கூடத்தான் செய்யும். ஆனா 19-லயே நிக்குதே, இன்னொன்னும் இருக்கு" என்றார்.

அப்புறம் பெட்ரோல் லைனில் டி வடிவ இணைப்பு போட்டு, பெட்ரோலின் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜ் மாட்டினார். 3.1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு), ரேஸ் பண்ணியும் முள் அசையவில்லை, ஆஃப் பண்ணிப் பத்து நிமிடம் கழித்தும் இறங்கவில்லை. அது புதுப் பம்ப்தான், ஆனால் பழைய பம்ப் கெட்டிருந்தால் மாற்றிய அன்றே குலுக்கல் கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டாமா? துளிகூடக் குறையவில்லையே.

ஏர் ஃபில்டருக்கும், எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் ஹோஸ் இருக்கும். அதைக் கழற்றி வளைத்துக் காட்டினார். அடிப்பக்க மடிப்பில் சுண்டுவிரல் நீளத்துக்கு வெடிப்பு. மேலே இருந்து பார்த்தால் தெரியாது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் கொஞ்சம் சாயும், வெடிப்பு வாயைத் திறக்கும், குலுக்கும். புது ஹோஸ் 1,150 ரூபாய்.

ஹோஸ் மாற்றியும் ட்ரிம் 17-ல் நின்றது, ஐட்லிங்கிலும் அதே, ரேஸ் பண்ணினாலும் அதே. "புது சென்சாரைப் பாப்போம்" என்றார். பழைய சென்சாரைத் தேனிப் பட்டறையில் புதியதின் அட்டைப்பெட்டியிலேயே போட்டு டிக்கியில் வைத்திருந்தார்கள், அது என் நல்ல நேரம். அதை மாட்டினோம். ட்ரிம் 3-க்கு வந்துவிட்டது. ஐட்லிங்கில் புது சென்சார் வினாடிக்கு 2.1 கிராம் காற்று என்று காட்டியது, பழையது 2.4. நல்ல சென்சாரைக் கழற்றிவிட்டு, குறைத்துக் காட்டும் டூப்ளிகேட்டை மாட்டியிருக்கிறார்கள். அவருடைய கூலி 600 ரூபாய்.

பட்டறையில் யாராவது பம்ப் என்று சொன்னால், எத்தனை பார் இருந்தது, எத்தனை இருக்க வேண்டும் என்று கேளுங்கள். சென்சார் என்று சொன்னால் ஐட்லிங்கில் எத்தனை கிராம், ட்ரிம் எவ்வளவு என்று கேளுங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனரை மாட்டி செல்போனிலேயே கிராம், ட்ரிம் இரண்டையும் பார்க்கலாம். சென்சாரில் அழுக்கு என்று சந்தேகம் வந்தால் அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரே இருக்கிறது, கார்புரேட்டர் கிளீனரை அதில் அடிக்க விடாதீர்கள், இழை கெட்டுவிடும். முக்கியமாக, கழற்றிய பழைய பாகம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். என் பழைய பம்பைக் கேட்டதற்கு "ஸ்கிராப்புல போட்டுட்டோம் சார்" என்றார்கள். அது நன்றாகத்தான் இருந்தது என்று காட்ட இப்போது என்னிடம் பொருள் இல்லை.

தேனிப் பட்டறைக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டுப் போனேன், சென்சார் மாற்றியது சரிதான் என்று வாதாடுகிறார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். பில்லில் வெறுமனே "சென்சார் - 1" என்று இருக்கிறது, கம்பெனி பெயரும் இல்லை, பார்ட் நம்பரும் இல்லை. அதனால் அந்த டூப்ளிகேட் சென்சாரையும் அட்டைப்பெட்டியையும், இரண்டு சென்சாரின் ரீடிங்கையும் எடுத்த போட்டோக்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.