கம்ப்யூட்டரில் மூன்று, சேஸிஸில் எட்டு

இந்த முறை இங்கிலாந்திலிருந்து ஊருக்குப் போய் வந்ததில் கோயில், கல்யாணம், சாப்பாடு எல்லாம் நல்லபடியாக நடந்தது. அதையெல்லாம் எழுதப்போவதில்லை. எட்டு என்ற ஓர் இலக்கத்துக்காக ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைந்ததைத்தான் எழுத வேண்டும். பெரியப்பாவின் டாட்ஜ் வண்டிக்கு ஆர்.சி. புதுப்பித்து, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நானே ஓட்ட வேண்டும் என்பது பல வருஷ ஆசை. ஆசை நிறைவேறிவிட்டது. அதற்கு முன் அந்த ஆபீஸ் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

வண்டி டாட்ஜ் டபிள்யூ.சி. 51. அமெரிக்க ராணுவத்துக்காக 1942 முதல் 1945 வரை தயாரான முக்கால் டன் லாரி. நான்கு சக்கரமும் இழுக்கும். ஸ்டியரிங் இடது பக்கம். போர் முடிந்ததும் அமெரிக்கப் படை இங்கே விட்டுப்போன வண்டிகள் டிஸ்போசலில், அதாவது உபரி ராணுவச் சாமான் விற்பனையில், விலைக்கு வந்தன. வில்லிஸ் ஜீப்பும் டாட்ஜும் மலைத் தோட்டக்காரர்கள் கைக்கு வந்தது அப்படித்தான். போடிமெட்டுப் பக்கம் பழைய ஆட்களைக் கேட்டால், ஏலக்காய் மூட்டையும் ஆட்களுமாக இந்த வண்டிகள் முக்கி முனகி ஏறிய கதையை விடிய விடியச் சொல்வார்கள். பெரியப்பா இதைக் கைமாறி வாங்கினார். பெட்ரோல் கட்டுப்படியாகாததால், எழுபதுகளில் ஆறு சிலிண்டர் எஞ்சினை இறக்கிவிட்டு, சென்னை சிம்சன் தயாரித்த பெர்கின்ஸ் டீசல் எஞ்சினை ஏற்றினார். எஞ்சின் மாற்றியதை அப்போதே ஆர்.சி. புக்கில் பதிந்தும் வைத்தார். அந்த ஒரு ஒழுங்குதான் இன்று எங்களைக் காப்பாற்றியது.

நான் முதலில் நினைத்தது விண்டேஜ் பதிவு. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதி அது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய வண்டிக்குத் தனிப் பதிவு. புதிதாகப் பதிந்தால் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. விதி பேசுவதும் சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வண்டிகளையும் கார் வகை நான்கு சக்கர வண்டிகளையும்தான். சரக்கு லாரி என்று பதிவான ராணுவ வண்டிக்கு அதில் இடம் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் வண்டி தனிப்பயன் என்று பதிவாகியிருந்ததால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் டீசல் எஞ்சின் கதவைச் சாத்திவிட்டது.

இங்கிலாந்தில் 40 வருஷம் தாண்டினால் வரி கிடையாது. பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டி என்றால் வருடாந்திரப் பரிசோதனையும் வேண்டாம். அங்கேயும் மாற்றம் பற்றிக் கேட்பார்கள். ஆனால் கடந்த 30 வருஷத்துக்குள் செய்த மாற்றத்தை மட்டும்தான் கேட்பார்கள். எழுபதுகளில் மாற்றிய எஞ்சினை அங்கே யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே அந்த எஞ்சின் ஏறியே 50 வருஷம் ஆகப்போகிறது. டாட்ஜ் தோட்டத்தில் உழைத்த காலம் முழுக்க அந்த பெர்கின்ஸோடுதான் உழைத்தது. அந்த வரலாறு விதியின் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். விண்டேஜ் பதிவு கிடைத்திருந்தாலும் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் தவிர வேறு எதற்கும் வண்டியை வெளியே எடுக்க முடியாது. தோட்டத்துக்குப் போகாத டாட்ஜை வைத்துக்கொண்டு பெரியப்பா என்ன செய்வார்?

சரி, சாதாரணப் புதுப்பித்தலே போதும் என்று அண்ணன் சொன்னார். அண்ணன் என்றால் பெரியப்பா மகன், தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர். ஊரில் ஆளாளுக்கு ‘பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டி ரோட்டுல வரக் கூடாதாமே’ என்று பயமுறுத்தினார்கள். அது டெல்லி வட்டாரத்துப் பழைய வண்டிகளுக்கும் அரசாங்க வண்டிகளுக்கும் வந்த கட்டுப்பாடு. தமிழ்நாட்டில் தனியார் வண்டியை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். காசுதான் எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். கெடு தாண்டினால் மாதத்துக்கு 500 ரூபாய் தனி. பெரியப்பா உடம்புக்கு முடியாமல் இருந்த காலத்தில் கெடு தாண்டியிருந்தது. அந்தக் காசைக் கட்டுவதில் எங்களுக்கு மறுப்பே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். பழைய கையெழுத்து புக் எதுவும் கம்ப்யூட்டரில் இல்லை. பழைய பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பேக்லாக் என்ட்ரி போட்டால்தான் வண்டி, அரசின் ‘வாகன்’ பதிவுத் தளத்துக்குள் வரும். புக்கில் மை மங்கிப்போயிருந்தது. என்ட்ரி போட்டவர், வண்டியின் ஃப்ரேமில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரில் இருந்த எட்டை மூன்று என்று ஏற்றிவிட்டார். இன்சூரன்ஸில் எட்டு, கம்ப்யூட்டரில் மூன்று. பெயரைச் சொல்ல விரும்பாத அந்த ஆபீஸில், கவுன்ட்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, “நம்பர் மேட்ச் ஆகல சார். இன்சூரன்ஸை மாத்திட்டு வாங்க” என்றார். தப்பு அவர்கள் பக்கம், மாற்ற வேண்டியது நாங்கள். புக்கைக் காட்டினேன். “இது மூணு மாதிரியும் இருக்கு, எட்டு மாதிரியும் இருக்கு” என்றார். அதற்கு மேல் பேச வழியில்லை. பென்சில் பிரிண்ட்டும் (நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சு) பிரேக் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டும் இருந்தால் திருத்துவார்களாம்.

பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வண்டியை ஆர்.டி.ஓ. சோதனை கிரவுண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆர்.சி. காலாவதியான வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது. ஓட்டாமல் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. இங்கிலாந்தில் இன்சூரன்ஸ் இருந்து, பரிசோதனைக்கு நேரம் குறித்துவிட்டால், பழைய சான்றிதழ் முடிந்திருந்தாலும் பரிசோதனை மையத்துக்கு ஓட்டிக்கொண்டே போகலாம் என்று சட்டமே சொல்கிறது. நாங்கள் டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். போய் என்ன? நம்பர் மேல் தார் மாதிரி பெயின்ட். பென்சிலால் தேய்த்தால் வெறும் கறுப்புத்தான் வந்தது. அன்றைக்கு இருந்த இன்ஸ்பெக்டர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “லெஃப்ட் ஹேண்ட் டிரைவ் வேற, இதெல்லாம் இப்ப ஓட்ட முடியாது” என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெரியப்பா வெயிலில் டிராக்டர் நிழலில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மறுநாள் மெக்கானிக் பாய் ஷெட்டுக்கு வந்தார். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஃப்ரேம் பட்டையில் பெயின்ட் ரிமூவரைத் தடவி, சாக்கைப் போட்டு மூடி வைத்தார். கிரைண்டர் வைத்தால் நம்பரும் சேர்ந்து போய்விடும் என்று பிரஷ்ஷும் துணியுமாகவே வேலை பார்த்தார். முதலில் நீலம் உரிந்தது. அடியில் சாம்பல். அதற்கும் அடியில் ராணுவப் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்ததும், இங்கிலாந்துக் கண்காட்சிகளில் பச்சை பூசி வெள்ளை நட்சத்திரம் வரைந்து நிற்கும் டாட்ஜ்கள் ஞாபகம் வந்தன. நம் வண்டியையும் அப்படியே ஆக்கிவிடலாமா என்று கேட்டேன். அண்ணன் தலையாட்டி மறுத்தார். மோட்டார் வாகன விதி 121-இன்படி பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை பூசக் கூடாது. ராணுவத்துக்கென்று பிறந்த வண்டிக்கே அந்த நிறம் இல்லை என்பது மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும், விதியின் நியாயம் புரிகிறது. எல்லைப்புற மாநிலங்களில் யார் வேண்டுமானாலும் பச்சை வண்டியில் வரலாம் என்றால் என்ன ஆகும்? நீலமே இருக்கட்டும்.

பச்சையும் போன பிறகு எழுத்துகள் தெரிந்தன. எட்டு ஏன் மூன்றானது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அச்சு சற்றுச் சாய்ந்து விழுந்திருக்கிறது. வலது வளைவு ஆழமாக, விரல் நுனிக்குத் தட்டுப்படும்படி இருக்கிறது. இடது வளைவு மயிரிழை போல மேலோட்டமாக ஓடுகிறது. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பார்க்கக்கூட இல்லை, விரலால் தடவிவிட்டு, “எட்டுதான்டா. வாங்கின அன்னைக்கே தடவிப் பார்த்திருக்கேன்” என்றார்.

மீண்டும் டிராக்டர், மீண்டும் கிரவுண்ட். இந்த முறை வேறொரு இன்ஸ்பெக்டர், சின்ன வயசு. வண்டியைப் பார்த்ததுமே அவர் முகம் மலர்ந்தது. டேஷ்போர்டில் இன்னும் ஆணியடித்தபடி இருக்கும் கியர் தகட்டை நின்று படித்தார். சிமென்ட் சாக்கை விரிக்கச் சொல்லி, காக்கிச் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்தார். மெல்லிய வெள்ளைத் தாளை நம்பர் மேல் வைத்து, நான்கு ஓரத்திலும் டேப் ஒட்டி, பென்சில் முனையைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்தார். கறுப்புக்கு நடுவே ஒவ்வோர் இலக்கமாக வெள்ளையாக எழுந்து வந்தது. எட்டு வந்த இடத்தில் நிறுத்தி, டார்ச்சை இடது பக்கம் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, அந்த மேலோட்டமான வளைவை மட்டும் தனியாக இன்னொரு தாளில் எடுத்தார். இப்படி ஒரு பொறுமையை நான் எந்த நாட்டு ஆபீஸிலும் பார்த்ததில்லை. இங்கிலாந்தில் எல்லாம் தபாலிலும் இணையத்திலும் முடிந்துவிடும், சௌகரியம்தான். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கும் அதிகாரியை அங்கே நான் கண்டதில்லை.

லெஃப்ட் ஹேண்ட் டிரைவ் பற்றி நானே கேட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 120-ஆவது பிரிவு, இடது பக்க ஸ்டியரிங் உள்ள வண்டியில் இயந்திர அல்லது மின் சைகைக் கருவி வேலை செய்ய வேண்டும் என்கிறது, வண்டியையே தடை செய்யவில்லை என்றார். பாய் பொருத்தியிருந்த இண்டிகேட்டரைப் போட்டுப் பார்த்தார். பிரேக், லைட், ஹார்ன் பார்த்தார். பெரியப்பாவிடம் வந்து, “ஐயா, ரிப்போர்ட் எழுதிட்டேன். எட்டுன்னு மாத்திடுவாங்க” என்றார். மாற்றினார்கள். அதன் பிறகு பசுமை வரி, கட்டணம் எல்லாம் மளமளவென்று முடிந்தது.

இனி ஓட்டுவது. மொத்த எடை மூன்றரை டன்னுக்குள் இருப்பதால் எனது இங்கிலாந்து லைசென்ஸும், 1949 சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி அங்கே எடுத்த சர்வதேச அனுமதியும் போதுமானதாக இருந்தன. இந்திய எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் இருப்பவருக்கு அதுவே போதும். 7,500 கிலோவுக்குக் கீழே உள்ள போக்குவரத்து வண்டியைக்கூட அந்த லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. சக்திமான் போன்ற பெரிய ராணுவ லாரி வைத்திருப்பவர்கள் ஹெவி லைசென்ஸ் எடுத்தாக வேண்டும்.

அடிவாரத்து செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் பழக்கத்தில் வலது பக்கம் வந்து பெரியப்பாவிடம் லைசென்ஸ் கேட்டார். பெரியப்பா என்னைக் கை காட்டினார். ஆர்.சி.யை வாங்கிப் பார்த்துவிட்டு, “நம்பர் எங்க இருக்கு?” என்று கேட்டார். இறங்கி இடத்தைக் காட்டினேன். பாய் அந்த இடத்தில் பெயின்ட் அடிக்காமல் கிரீஸ் மட்டும் பூசி வைத்திருக்கிறார். துணியால் துடைத்தால் பளிச்சென்று தெரியும்.

டிஸ்போசல் வண்டி வீட்டில் வைத்திருப்பவர்கள் பேக்லாக் என்ட்ரிக்கு புக்கைக் கொடுப்பதற்கு முன்பே சேஸிஸ் நம்பரைச் சுத்தம் செய்து பென்சில் பிரிண்ட் எடுத்து, புக்கோடு சேர்த்துக் கொடுங்கள். தட்டச்சு செய்பவர் பக்கத்தில் நின்று ஒவ்வோர் இலக்கமாக வாசித்துக் காட்டுங்கள். கம்ப்யூட்டரில் ஏறியதற்கு ஒரு பிரிண்ட் அவுட் கேட்டு வாங்கிச் சரிபார்த்த பிறகு இன்சூரன்ஸ் எடுங்கள்.