கார் நிறுத்தும் தளத்துக்குக் கம்பி வலையா, பிளாஸ்டிக் நாரா?

கொழும்பில் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடலோரமாக வீடு உள்ளவர்களுக்கு உப்புக்காற்று கம்பியை என்ன செய்யும் என்று தெரியும். துருவேறிய கம்பி பருத்து, மேலிருக்கும் கொங்கிறீற்றைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அதனால்தான் முற்றத்தில் கார் நிறுத்தத் தளம் போடுகிறவர்கள், பி.ஆர்.சி. வலைக்கு (ஒட்டிய உருக்குக் கம்பி வலை) பதிலாக பொலிப்புரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நார் கலக்கலாமா என்று கேட்கிறார்கள். மண்மேல் போடும் தளமென்றால் நான் நாரைத்தான் சொல்வேன்.

துரு மட்டும் காரணமில்லை. வலை தளத்தின் மேற்பாதியில் இருந்தால்தான் வெடிப்பு விரியாமல் பிடிக்கும். வேலை நடக்கும்போது பாருங்கள்: கலவையைக் கொட்டக் கொட்ட ஆட்கள் வலையை மிதித்துக்கொண்டே நடப்பார்கள், அடியில் வைத்த கட்டைகள் சரியும், வலை போய் மண்ணோடு படுத்துவிடும். அப்புறம் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நாரோ கலவை முழுக்கப் பரவி நிற்கும்.

ஆனால் எந்த நார் என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். முடி போல மெல்லிய, 6 முதல் 12 மில்லிமீற்றர் நீள நாரைக் கனமீற்றருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவாகத்தான் போடுவார்கள். போட்ட முதல் சில மணி நேரத்தில், வெயிலிலும் காற்றிலும் ஈரம் பறந்து வரும் கீறல்களை அது குறைக்கும். அவ்வளவுதான். வலையின் இடத்துக்கு வரக்கூடியது 40 முதல் 60 மில்லிமீற்றர் நீளத் தடித்த நார். அதைக் கிலோக்கணக்கில் போட வேண்டும்; எத்தனை கிலோ என்பதைப் பொறியியலாளர் கணக்குப் பார்த்துச் சொல்லட்டும்.

உருக்கு நார் இதைவிட விறைப்பானது. பெரிய களஞ்சியத் தளங்களுக்கு நல்லது. கடலோர முற்றத்தில் மேலே தெரியும் நுனிகள் துருப்பிடித்துக் கறை விடும்.

மேல்மாடித் தளம், பீம், தூண் என்றால் கம்பியைக் குறைக்கும் பேச்சே வேண்டாம். பொலிப்புரொப்பிலீன் நாரின் விறைப்பு உருக்கினுடையதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பாரம் தொடர்ந்து இருந்தால் மெல்ல மெல்ல நீளும். வீட்டாரின் உயிர் சம்பந்தப்பட்ட இடம் அது.

நார் விழுந்ததும் கலவை இறுகியது போலத் தெரியும். மேசன் உடனே தண்ணீர் ஊற்றப் பார்ப்பார், விடாதீர்கள். தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் மருந்து (பிளாஸ்டிசைசர்) சேர்க்கச் சொல்லுங்கள். நாரையும் ஒரேயடியாகக் கொட்டினால் பந்து பந்தாகத் திரளும், தூவித்தான் போட வேண்டும். எதைப் போட்டாலும், வெடிப்பு கண்டபடி ஓடாமலிருக்கத் தளத்தில் கோடுபோல மூட்டு வெட்டுவதும், ஒரு கிழமையாவது சாக்கு விரித்து நனைப்பதும் கட்டாயம்.