ரியல்பிளேயரும் அதன் போட்டியாளர்களும்: நம்பகத்தன்மை குறித்த ஓர் ஒப்பீட்டு அலசல்

மீடியா பிளேயர்களை ஒப்பிடுபவர்கள், எத்தனை வகைக் கோப்புகளை எது ஓட்டுகிறது, எது குறைந்த நினைவகத்தை எடுத்துக்கொள்கிறது என்பதையே பெரும்பாலும் பார்க்கிறார்கள். ரியல்பிளேயரை உருவாக்கிய ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் வரலாற்றை அறிந்தவர்கள் அதற்கு முன் வேறு மூன்று கேள்விகளைக் கேட்பார்கள். நிறுவும்போது நம்மைக் கேட்காமல் வேறு எதையெல்லாம் கணினியில் சேர்க்கிறது? நாம் கேட்பதையும் பார்ப்பதையும் யாரிடம் சொல்கிறது? வேண்டாம் என்று நீக்கினால் முழுமையாக வெளியேறுகிறதா? இந்த மூன்றையும் முன்வைத்து ரியல்பிளேயர், விண்டோஸ் மீடியா பிளேயர், குவிக்டைம், விஎல்சி ஆகிய நான்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இந்த அலசலின் நோக்கம். வினாம்ப் என்ற இசை பிளேயரும் இன்னும் சிலவும் இடையில் வந்துபோகும்.

முதலில் ரியல்பிளேயருக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிட வேண்டும். மைக்ரோசாஃப்டிலிருந்து விலகிய ராப் கிளேசர் 1994இல் சியாட்டிலில் தொடங்கிய நிறுவனம், 1995 ஏப்ரலில் ரியல்ஆடியோவை வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று சியாட்டில் மரினர்ஸ், நியூயார்க் யாங்கீஸ் அணிகள் மோதிய பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனை அதன் வழியாக இணையத்தில் நேரலையாக ஒலித்தது. முழுக் கோப்பும் இறங்கி முடியும்வரை காத்திருந்தால்தான் பாட்டைக் கேட்க முடியும் என்றிருந்த காலத்தில், டயல்-அப் மோடத்தின் மெல்லிய இணைப்பில் ஒலி வர வர அதை ஒலிக்கச் செய்தது சாதாரண சாதனையன்று. 1997இல் காணொளியும் சேர்ந்தது. இன்று நாம் ஸ்ட்ரீமிங் என்று சொல்வதை வீட்டுக் கணினிகளுக்குப் பரவலாகக் கொண்டுசேர்த்ததில் இந்த நிறுவனத்தின் பங்கு மிகப் பெரியது. எனவே ரியல்பிளேயர் மீதான அவநம்பிக்கைக்குத் தொழில்நுட்பக் குறையைக் காரணமாகச் சொல்ல முடியாது.

தகவல் யாரிடம் போகிறது?

1999 நவம்பர் தொடக்கத்தில் அந்த அவநம்பிக்கைக்கு ஓர் உறுதியான ஆதாரம் கிடைத்தது. ரியல்நெட்வொர்க்ஸின் இன்னொரு மென்பொருளான ரியல்ஜூக்பாக்ஸ், இசைத் தட்டுகளைக் கணினியில் ஓட்டவும் பதிவுசெய்யவும் பயன்பட்டது. பாதுகாப்பு வல்லுநரான ரிச்சர்ட் ஸ்மித், தன் கணினியிலிருந்து வெளியே போகும் தரவைக் கவனித்தபோது, எந்த இசைத் தட்டு ஓடுகிறது, வன்தட்டில் எத்தனை பாடல்கள் உள்ளன, பயனர் எந்த வகை இசையை விரும்புகிறார் என்பன போன்ற விவரங்களை அது நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்பதைக் கண்டார். ஒவ்வொரு நிறுவலுக்கும் ஒரு தனித்த அடையாள எண்ணும் கூடவே சென்றது. பதிவு செய்தபோது கொடுத்த மின்னஞ்சல் முகவரியோடு அந்த எண்ணைப் பொருத்திவிட்டால், இன்னார் இன்னதைக் கேட்கிறார் என்று சொல்லிவிட முடியும். நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ரியல்நெட்வொர்க்ஸ் விரைவாகவே செயல்பட்டது. கிளேசர் மன்னிப்புக் கேட்டார். அடையாள எண்ணை முடக்கும் திருத்தம் வெளிவந்தது. கொள்கை ஆவணமும் மாற்றி எழுதப்பட்டது. ஆனால் அப்போது தெரியவந்த இன்னொரு விஷயம் என்னை அதிகம் உறுத்துகிறது. அந்த நிறுவனத்தின் இணையதளத்தில், தனியுரிமை நடைமுறைகளுக்குச் சான்றளிக்கும் டிரஸ்ட்-இ அமைப்பின் முத்திரை இருந்தது. அந்த முத்திரை இணையதளத்துக்கு மட்டுமே பொருந்தும், கணினியில் நிறுவிய மென்பொருள் அனுப்பும் தரவுக்குப் பொருந்தாது என்று அந்த அமைப்பு விளக்கமளித்தது. முத்திரையைப் பார்த்து நம்பி மென்பொருளைப் பதிவிறக்கியவருக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரிந்திருக்கும்?

விண்டோஸ் மீடியா பிளேயரும் இதே குற்றச்சாட்டுக்கு உள்ளானது. விண்டோஸ் எக்ஸ்பியுடன் வந்த பதிப்பில் ஒரு டிவிடியைப் போட்டால், அதை அடையாளம் காட்டும் எண் மைக்ரோசாஃப்ட் சர்வருக்குச் செல்வதையும், பார்த்த படங்களின் பட்டியல் கணினியிலேயே பதிவாகிக்கொண்டிருப்பதையும் அதே ஸ்மித் 2002இல் வெளிப்படுத்தினார். படத்தின் தலைப்பையும் காட்சிப் பட்டியலையும் காட்டவே அப்படிச் செய்யப்படுகிறது என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. காரணம் நியாயமானதுதான், ஆனால் பயனரிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. அடுத்து வந்த ஒன்பதாம் பதிப்பில், முதன்முறை திறந்ததுமே தனியுரிமைத் தெரிவுகளை முன்வைக்கும் ஒரு திரை சேர்ந்தது. குற்றச்சாட்டுக்குப் பிறகு மென்பொருளின் வடிவத்தையே மாற்றியதில் மைக்ரோசாஃப்ட் இங்கே ஒரு படி முன்னே நிற்கிறது.

விஎல்சியின் வழி தொடக்கத்திலிருந்தே வேறு. 1996இல் பாரிஸின் எகோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்களின் திட்டமாகத் தொடங்கி, 2001இல், நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் அனுமதிக்கும் கட்டற்ற உரிமத்தில் வெளியான அதை, வீடியோலேன் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு நடத்துகிறது. ஆல்பம் அட்டைப்படம், பாடல் விவரம் போன்றவற்றை இணையத்தில் தேட அதற்கும் விருப்பம் உண்டு. ஆனால் முதன்முறை திறக்கும்போதே அதைச் சொல்லி, அனுமதிப்பதற்கும் மறுப்பதற்கும் ஒரு பெட்டியைக் காட்டுகிறது. ஒரே தேவையை ரியல்ஜூக்பாக்ஸ் சொல்லாமல் நிறைவேற்றிக்கொண்டது, விஎல்சி கேட்டு நிறைவேற்றிக்கொள்கிறது.

நிறுவலும் நீக்கலும்

ரியல்பிளேயர் மீது சாதாரணப் பயனர்களுக்கு ஏற்பட்ட கோபத்தின் பெரும்பகுதி தனியுரிமையால் வந்ததன்று. அன்றாடத் தொல்லையால் வந்தது. இலவசப் பதிப்புக்கான இணைப்பு, காசு கொடுத்து வாங்கும் பதிப்பின் பெரிய பொத்தானுக்குப் பக்கத்தில் கண்ணில் படாத சிறு எழுத்தில் இருந்தது. நிறுவி முடித்த பிறகு, கேட்காத கோப்பு வகைகளெல்லாம் ரியல்பிளேயரிலேயே திறந்தன. விண்டோஸ் தொடங்கும்போதே ரியல்ஸ்கெட் என்ற துணை நிரல் பின்னணியில் ஓடத் தொடங்கியது. அதைத் தொடக்கப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால், அடுத்த முறை பிளேயரைத் திறந்ததும் அது மீண்டும் வந்து சேர்ந்துகொண்டது. ஒரு பயனர் தெளிவாக வேண்டாம் என்று சொன்னதை மென்பொருள் மறுபடி செய்வதைவிட வெளிப்படையான அவமதிப்பு இருக்க முடியாது. 2006இல் பிசி வேர்ல்ட் இதழ் வெளியிட்ட மிக மோசமான 25 தொழில்நுட்பப் பொருள்களின் பட்டியலில் ரியல்பிளேயர் இரண்டாம் இடத்தைப் பிடித்தது.

2008 ஜனவரியில், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையம் முன்னின்று நடத்திய ஸ்டாப்பேட்வேர் திட்டம், ரியல்பிளேயரின் இரண்டு பதிப்புகளைத் தீய மென்பொருள் வகையில் சேர்த்தது. 10.5 பதிப்பில் இருந்த மெசேஜ் சென்டர் என்ற கூறு விளம்பரங்களைக் காட்டும் என்பதைப் பயனருக்குச் சரியாகத் தெரிவிக்கவில்லை. பதிப்பு 11, ராப்சடி பிளேயர் எஞ்சின் என்ற இன்னொரு மென்பொருளையும் சொல்லாமல் சேர்த்து நிறுவியது. ரியல்பிளேயரை நீக்கினாலும் அது கணினியிலேயே தங்கிவிட்டது. 1999இல் மன்னிப்புக் கேட்ட அதே நிறுவனம் எட்டாண்டுகளுக்குப் பிறகும் சொல்லாமல் செய்யும் பழக்கத்தை விடவில்லை என்பதே இதில் கவலைக்குரியது. முதல் தவறை மன்னித்த பயனர்கள்கூட இங்கேதான் விலகிப்போனார்கள் என்று நான் கருதுகிறேன்.

குவிக்டைமை இதனோடு ஒப்பிட்டால், குற்றத்தின் அளவு குறைவு, ஆனால் தன்மை ஒன்றுதான். ஆப்பிள் உருவாக்கிய அந்தப் பிளேயரின் விண்டோஸ் பதிப்பில், காணொளியை முழுத்திரையில் பார்ப்பது என்ற எளிய வசதிகூட 2007இல் 7.2 பதிப்பு வரும்வரை காசு கொடுத்தவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. 2008 மார்ச்சில் ஆப்பிளின் புதுப்பிப்பு நிரல், கணினியில் இல்லாத சஃபாரி உலாவியையும் டிக் செய்த நிலையிலேயே பட்டியலில் காட்டியது. அவசரத்தில் சரி என்று அழுத்தியவர்களின் கணினியில் ஓர் உலாவி புதிதாக வந்து உட்கார்ந்தது. பாதுகாப்புத் திருத்தங்களுக்காகப் பயனர் நம்பும் வழியை விற்பனைக்குப் பயன்படுத்துவது தவறு என்று ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவின் தலைவர் அப்போதே கண்டித்தார். பிறகு ஆப்பிள், புதுப்பிப்புகளையும் புதிய மென்பொருள்களையும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டியது. 2016இல் குவிக்டைமின் விண்டோஸ் பதிப்பில் இரண்டு பாதுகாப்புக் குறைகள் வெளியானபோது இனித் திருத்தம் வராது என்ற நிலை ஏற்பட்டது; அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பே அதை நீக்கிவிடும்படி பயனர்களுக்கு அறிவுறுத்தியது. இன்றும் ஏதாவது பழைய கணினியில் அது இருந்தால் நீக்கிவிடுவதே நல்லது.

விண்டோஸ் மீடியா பிளேயரில் நிறுவல் தொல்லை இல்லை, ஏனெனில் நிறுவலே இல்லை. அது இயங்குதளத்தோடு வந்துவிடுகிறது. நீக்குவதுதான் அங்கே சிக்கல். ஐரோப்பிய ஆணையம் 2004 மார்ச்சில் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸ் பதிப்பையும் விற்க வேண்டும் என்று ஆணையிட்டது. மைக்ரோசாஃப்ட் அந்தப் பதிப்பையும் அதே விலைக்கே விற்றதால் அதை வாங்க ஏறக்குறைய யாரும் முன்வரவில்லை.

ரியல்நெட்வொர்க்ஸின் தரப்பு நியாயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். கணினியோடு இலவசமாக வரும் ஒரு பிளேயருக்கு எதிராகத் தனி நிறுவனம் ஒன்று பிளேயரை விற்றுப் பிழைப்பது கடினம். அந்த நெருக்கடியில்தான் விளம்பரமும், சந்தாவும், கூடவே நுழையும் துணை மென்பொருள்களும் ரியல்பிளேயருக்குள் குவிந்தன. மைக்ரோசாஃப்ட் மீது அந்நிறுவனம் 2003 இறுதியில் தொடுத்த வழக்கு, 2005இல் 76.1 கோடி டாலர் மதிப்புள்ள உடன்பாட்டில் முடிந்தது. போட்டியில் அநீதி நடந்தது என்ற அதன் வாதத்துக்கு வலு இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் போட்டியாளர் செய்த அநீதிக்குப் பயனர் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் பதில் இல்லை. பணம் வந்து இரண்டாண்டுகளுக்குப் பிறகும் ஸ்டாப்பேட்வேர் அறிக்கைக்கு இடம் கொடுக்கும் பதிப்பையே நிறுவனம் வெளியிட்டது. 2012இல் வாஷிங்டன் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர், முன்கூட்டியே டிக் செய்யப்பட்ட பெட்டிகளின் வழியாகப் பயனர்கள் அறியாமலே சந்தாவில் சேர்க்கப்பட்டார்கள் என்ற புகாரில் அந்நிறுவனத்தைப் பணம் திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

குற்றச்சாட்டு வந்தால் எப்படிச் சரிபார்ப்பது?

விஎல்சி குறையற்றது என்று யாரும் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான கோப்பு வகைகளைப் படிக்கும் எந்த மென்பொருளிலும் பாதுகாப்புப் பிழைகள் இருக்கும். ஐரோப்பிய ஆணையத்தின் நிதியில் பிழை கண்டுபிடிப்போருக்குப் பரிசு அளிக்கப்பட்டபோது, 2019இல் ஒரே பதிப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட பிழைகள் திருத்தப்பட்டன. அடுத்த மாதமே, விஎல்சியில் மிகக் கடுமையான ஓட்டை இருப்பதாக ஜெர்மனியின் அரசுப் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்க, உடனே நீக்கிவிடுங்கள் என்று செய்திகள் பரவின. வீடியோலேன் ஆராய்ந்தபோது, பிழை விஎல்சியில் இல்லை, அது பயன்படுத்தும், வெளியார் எழுதிய ஒரு துணை நிரல் தொகுப்பின் பழைய பதிப்பில் இருந்தது, அதுவும் ஓராண்டுக்கு மேலாகவே திருத்தப்பட்டுவிட்டது என்று தெரிந்தது. பத்துக்கு எத்தனை என்று கணிக்கும் ஆபத்து மதிப்பீடு 9.8இலிருந்து 5.5ஆகக் குறைக்கப்பட்டது.

இந்தச் சம்பவத்தை ரியல்ஜூக்பாக்ஸ் விவகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே உண்மையை அறிய ஒரு வல்லுநர் தரவுப் பொட்டலங்களை இடைமறித்துப் படிக்க வேண்டியிருந்தது. நிறுவனம் ஒப்புக்கொள்ளும்வரை மற்றவர்களுக்கு அவருடைய சொல்லே ஆதாரம். இங்கே நிரலும், பிழைப் பதிவும், அதன்மீது நடந்த விவாதமும் எல்லோர் கண்முன்னும் இருந்தன. விஎல்சியின் மீது எனக்குள்ள நம்பிக்கைக்கு அதை நடத்துபவர்களின் நல்ல மனம் மட்டும் காரணமில்லை. விளம்பர மென்பொருளைச் சேர்த்துக்கொள்ளக் கோடிக்கணக்கில் தருவதாக வந்த வாய்ப்புகளை அதன் தலைவர் ஜான்-பத்தீஸ்து கெம்ப் மறுத்தது பாராட்டுக்குரியதே. நாளை வேறொருவர் சம்மதித்தாலும், அந்த மாற்றத்தை நிரலில் எவரும் காணலாம், பழைய நிரலை எடுத்துக்கொண்டு தனியே பிரிந்தும் போகலாம். அந்த உரிமை உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

நிரலைத் திறந்து காட்டுவது மட்டும் போதாது என்பதற்கு வினாம்ப் சான்று. 2024 செப்டம்பரில் அதன் நிரல் வெளியிடப்பட்டது. ஆனால் மாற்றிய பதிப்புகளைப் பிறருக்கு வழங்கத் தடை விதிக்கும் உரிமத்தோடு வந்ததால் கடும் எதிர்ப்பு எழுந்து, ஒரு மாதத்துக்குள் நிரல் இருந்த இணையக் களஞ்சியமே அகற்றப்பட்டது. ரியல்நெட்வொர்க்ஸ்கூட 2002இல் ஹெலிக்ஸ் என்ற பெயரில் பிளேயரின் நிரலைத் திறந்தது. ஒலியையும் காணொளியையும் சுருக்கி விரிக்கும் கோடெக்குகள் மட்டும் மூடியே இருந்தன. அதன்மேல் கட்டப்பட்ட லினக்ஸ் ரியல்பிளேயர் எளிமையாக, தன் வேலையை மட்டும் பார்ப்பதாக இருந்தது. தொல்லையில்லாத பிளேயரை உருவாக்க அந்நிறுவனத்துக்குத் தெரிந்தே இருந்தது.

இன்று தெரிவு செய்பவருக்கு என் பரிந்துரை இதுதான். எதையும் சிந்திக்காமல் எல்லாக் கோப்பும் ஓட வேண்டும் என்பவருக்கு விஎல்சி. அதன் தோற்றம் பிடிக்காதவர்கள், விசைப்பலகையிலேயே எல்லாம் செய்யப் பழகியவர்கள் எம்பிவியைப் பார்க்கலாம். விண்டோஸில் பழைய எளிய தோற்றத்தை விரும்புபவர்களுக்கு எம்பிசி-ஹெச்சி இருக்கிறது; 2017இல் முதன்மைக் குழு பணியை நிறுத்தியபோதும் தனியாகப் பிரிந்த பதிப்பு அதைத் தொடர்ந்து காத்துவருகிறது. விண்டோஸோடு வரும் பிளேயரே போதும் என்பவர்கள், தனியுரிமைப் பகுதியில் உள்ள தெரிவுகளை ஒருமுறை படித்துத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டால் போதுமானது.

ரியல்பிளேயரைப் பலர் நீக்காமல் வைத்திருந்ததற்கு ஒரே காரணம், ஆர்எம், ஆர்ஏ என்று முடியும் பழைய பதிவுகள் வேறெதிலும் திறக்காது என்ற அச்சம். ஒலி, காணொளிக் கோப்புகளை வடிவம் மாற்றும் கருவியான எஃப்எஃப்எம்பெக் திட்டத்தின் தன்னார்வலர்கள் அந்த வடிவங்களைப் பகுத்தறிந்து தாங்களே எழுதிய நிரலால், பெரும்பாலான ரியல் கோப்புகளை இப்போது விஎல்சியும் எம்பிவியும் திறக்கின்றன. அத்தகைய பதிவுகளை வைத்திருப்பவர்கள் மூலக் கோப்பை அழித்துவிடாமல், எஃப்எஃப்எம்பெக் கருவியால் எம்பி4 அல்லது எம்கேவி வடிவில் ஒரு நகலை எடுத்து, முதலும் முடிவும் சரியாக ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகு ரியல்பிளேயரை நீக்கலாம்.