பாண்டா, ரிடென்ஷன் போனஸா: பயிற்சி முடிந்ததும் சொல்லாமல் போகிறவர்களுக்கு எது எடுபடும்?

நிறுவனம் பணம் கட்டிப் பயிற்சிக்கு அனுப்புகிறது. சான்றிதழ் வந்து இரண்டு மாதம் ஆகிறது. சம்பளம் வங்கியில் ஏறிய மறுநாள் ஆள் வரவில்லை, போனும் எடுப்பதில்லை. இதற்கு வழக்கமாகக் கையாளப்படும் வழிகள் இரண்டு. இத்தனை மாதம் வேலை செய்யாவிட்டால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கும் பாண்ட் ஒன்று. இருந்தால் தவணையாகக் கிடைக்கும் ரிடென்ஷன் போனஸ் மற்றொன்று. எங்கள் தேர்வு போனஸ்தான், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும்.

பாண்டுக்கு இன்று கைக்காசு வேண்டாம், போனஸுக்கு வேண்டும். பாண்ட் பயமுறுத்துகிறது, போனஸ் ஆசை காட்டுகிறது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலர் கவனிக்காத கேள்வி வேறு: வேலையை விட முடிவெடுத்தவருக்கு, அதை முன்கூட்டிச் சொல்வதால் லாபமா, நட்டமா?

பாண்டில் அது சுத்த நட்டம். பயிற்சிச் செலவு 100 பங்கு, பாண்ட் 12 மாதம், ஒருவர் 6 மாதம் முடித்திருக்கிறார் என்று வையுங்கள். அவர் தர வேண்டிய பாக்கி 50. ராஜினாமாக் கடிதம் கொடுத்து நோட்டீஸ் பீரியடில் உட்கார்ந்தால், நிறுவனம் முதலில் கை வைக்கப் பார்ப்பது அவருடைய கடைசிச் சம்பளத்திலும் செட்டில்மென்ட்டிலும்தான். சம்பளம் ஏறிய மறுநாள் காணாமல் போனால் பிடிக்க எதுவும் மிஞ்சாது. பிறகு வக்கீல் நோட்டீஸ், பதில் இல்லை, வழக்குப் போட்டால் வரப்போகும் தொகையைவிடச் செலவு அதிகம், கோப்பு மூடப்படும். இந்தக் கணக்கு ஊழியருக்கும் தெரியும், ஏற்கெனவே போனவர்கள் சொல்லியிருப்பார்கள். ஆக, சொல்லாமல் ஓடுவதைத் தடுக்க எழுதிய காகிதமே சொல்லாமல் ஓடுவதை லாபமாக்கிவிடுகிறது. நிறுவனத்துக்கு நிஜமான அடி பயிற்சிக் கட்டணம்கூட அல்ல. பாதியில் நிற்கும் வேலை, யாரிடமும் ஒப்படைக்காத கடவுச்சொற்கள், பதில் கிடைக்காத வாடிக்கையாளர்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஆள் தேவைப்படும் போட்டி நிறுவனம் ‘பாண்ட் பணத்தை நாங்களே கட்டிவிடுகிறோம்’ என்று சொல்லிவிடும். அப்போது பாண்டில் போட்ட தொகை அந்த ஆளுக்கு நாமே ஒட்டிய விலைச் சீட்டு.

பாண்ட்தான் வேண்டும் என்றால் இவற்றைப் பாருங்கள். பயிற்சி தொடங்குவதற்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள். வகுப்பு நடக்கும் நாளில் நீட்டிய காகிதம் கட்டாயப்படுத்தி வாங்கியதாகப் பார்க்கப்படலாம். வெளியாருக்குக் கட்டிய கட்டணம், தேர்வுக் கட்டணம், பயணச் செலவு என்று ரசீது உள்ளதை மட்டும் சேருங்கள். பயிற்சிக் காலச் சம்பளத்தைச் சேர்த்தால் தொகை ஊதிப்போய் வாதம் பலவீனமாகும். பாக்கி மாதாமாதம் குறைய வேண்டும். 11 மாதம் வேலை செய்தவரிடம் முழுத் தொகையும் கேட்கும் பாண்ட், இழப்பீடு என்பதைத் தாண்டித் தண்டனையாகிவிடும். அசல் சான்றிதழ்களை வாங்கி வைப்பது கூடவே கூடாது. அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதையும் கடனால் கட்டிப்போடுவதையும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பின் அடையாளங்களாகவே பட்டியலிட்டிருக்கிறது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சீனாவின் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டம் 22-ஆம் பிரிவு சிறப்புப் பயிற்சிக்கு இப்படி எழுதி வாங்க அனுமதிக்கிறது. ஆனால் எஞ்சிய காலத்துக்கான பங்குக்கு மேல் கேட்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1152 வழிகாட்டுதல்படி, சட்டப்படி நிறுவனம் கொடுத்தே ஆக வேண்டிய பயிற்சி ஊழியருக்கு இலவசம். கலிஃபோர்னியா 2026 ஜனவரி 1 முதல் கையெழுத்தாகும் இத்தகைய ஒப்பந்தங்களுக்குச் சில விலக்குகளோடு தடை போட்டிருக்கிறது. இந்தியாவிலோ 2025-இல் உச்ச நீதிமன்றம், பொதுத்துறை வங்கி ஒன்றின் 3 ஆண்டு, 2 லட்சம் ரூபாய் பாண்டைச் செல்லும் என்றது. சம்பளத்தில் பிடித்தம் செய்யும் விதிகள் இதிலிருந்து தனி. பாண்ட் செல்லும் என்பதாலேயே பிடித்தமும் செல்லும் என்றாகாது.

இனி போனஸ். ஆட்கள் போவதன் காரணத்தை இது நேராகத் தொடுகிறது. எங்கும் செல்லுபடியாகும் சான்றிதழ் கிடைத்த அன்றே ஒருவரின் சந்தை மதிப்பு ஏறிவிடுகிறது. உள்ளே சம்பளம் மட்டும் அடுத்த ஆண்டு மதிப்பீடு வரை அசையாது. அந்த இடைவெளியைத்தான் போனஸ் அடைக்க வேண்டும். அதைவிடக் குறைவான தொகை வீண்.

மொத்தத்தையும் 12-ஆம் மாதம் கொடுப்பதாக வைத்தால் 13-ஆம் மாதம் கும்பலாகப் போவார்கள். 6, 12, 18-ஆம் மாதங்களில் பிரித்துக் கொடுங்கள், கடைசித் தவணை வரும் நேரத்திலேயே சம்பள உயர்வும் வரட்டும். உயிர்நாடியான விதி ஒன்று உண்டு: முழு நோட்டீஸ் கொடுத்து, வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகிறவருக்கு நடப்புத் தவணையில் அதுவரையிலான பங்கு உண்டு; சொல்லாமல் போனால் எதுவும் இல்லை. 6-ஆம் மாதம் 15 பங்கு வர வேண்டியவர் 5 மாதம் முடித்து முறைப்படி விலகினால் 12.5 கிடைக்கும், காணாமல் போனால் பூஜ்யம். யாரையும் துரத்த வேண்டியதில்லை, ஏனென்றால் பணம் நம்மிடம்தான் இருக்கிறது. பலர் இந்த விதியை எழுதாமல் ‘அன்றைய தேதியில் பணியில் இருக்க வேண்டும்’ என்று மட்டும் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் தவணை வாங்கிய மறுநாள் பழைய கதைதான்.

போனஸின் பலவீனம், எப்படியும் இருக்கப்போகிறவர்களுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருப்பது. ஒரு கற்பனைக் கணக்கு: 10 பேர், ஆளுக்குப் பயிற்சி 100, போனவருக்குப் பதில் ஆள் எடுத்துத் தேற்ற 80. எதுவும் செய்யாமல் 3 பேர் போனால் இழப்பு 540. தலைக்கு 30 போனஸ் கொடுத்து ஒருவர் மட்டும் போனால், இருக்கும் 9 பேருக்கு 270-உம் போனவரால் 180-உம் சேர்ந்து 450. அதே போனஸுக்குப் பிறகும் 2 பேர் போனால் 240-உம் 360-உம் சேர்ந்து 600, அதாவது சும்மா இருந்திருந்தாலே லாபம். பதில் ஆள் எளிதாகக் கிடைக்கும் வேலைகளுக்கு இது கட்டுபடியாகாது. அங்கே பயிற்சியை உடைத்து, உள்வேலைக்கு மட்டும் பயன்படும் பகுதியை முதலிலும் சான்றிதழ்த் தேர்வை ஆறு மாதம் கழித்தும் வைப்பது மலிவான வழி.

விமானிகளுக்கான டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தகுதி) போல ஒரே பயிற்சிக்குப் பெருந்தொகை ஆகும் துறைகளில், வழக்குச் செலவைவிட மீட்கும் தொகை பெரிது என்பதால் பாண்டுக்கு அர்த்தம் உண்டு. மிகக் குறைந்த சம்பளம் உள்ள வேலைகளில் போனஸ் எவ்வளவு பிடித்து வைக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டோம். அங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சிறு தவணை என்று வைத்து, முதல் குழுவில் எத்தனை பேர் நோட்டீஸ் கொடுக்கிறார்கள் என்று பார்த்த பிறகே அடுத்த குழுவுக்கு நீட்டலாம்.