ஹிஃப்ழ் (குர்ஆன் மனனம்): பள்ளியை நிறுத்தியா, பள்ளியோடா?

திருக்குர்ஆன் 30 ஜுஸ்வு, அதாவது 30 பாகங்கள்; மதீனாவில் அச்சிடப்படும் பதிப்பில் 604 பக்கங்கள். முழுநேர மத்ரஸாவில் நாளுக்கு ஒரு பக்கம் மனனம் செய்யும் பிள்ளை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் முடிக்கலாம். பழைய பாடத்தை உஸ்தாதிடம் (ஆசிரியரிடம்) தினமும் ஒப்பிக்கவும் நேரம் கிடைக்கும். அதுதான் பெரிய பலம். திரும்ப ஓதாத பக்கம் விரைவில் நழுவிவிடும். ஆனால் பள்ளிக்குத் திரும்பும்போது கூடப் படித்தவர்கள் பின்னக் கணக்கைத் தாண்டி இயற்கணிதத்துக்குப் போயிருப்பார்கள்.

பள்ளியோடு ஓதினால் சுப்ஹு என்ற அதிகாலைத் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம், அரைப் பக்கம். மூன்றரை ஆண்டுகளாவது ஆகும். தூக்கமும் விளையாட்டும் குறையும், அதை மறைக்கக் கூடாது. இருந்தும் என் பிள்ளைக்கு இதையே தேர்ந்தெடுப்பேன். அஸர் என்ற மாலைத் தொழுகைக்குப் பின் விளையாட விடுவேன். தேர்வு வாரத்தில் புதுப் பாடம் வேண்டாம், பழையதை மட்டும் ஓதினால் போதும் என்பேன்.